கச்சான் காற்றில் ஒரு தூரிகைப் பேனை

கச்சான் என்கிற வெயில் காலத்து வறண்ட காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் மை தொட்டு வரையும் இரும்பு முனைப் பேனையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதான். மைக்கூட்டிலிருந்து கடதாசிக்கு வருவதற்குள் முனையில் மை தடித்துவிடும். இரவில் துடைக்காமல் வைத்தால் கடற்காற்றின் உப்பு முனையைத் தின்றுவிடும். அதனால் இந்த வெயில் காலம் முழுவதும் என் படக்கதைப் பக்கங்களை ஒரு ஜப்பானியத் தூரிகைப் பேனையால்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். கம்பனிப் பெயரை எழுதப்போவதில்லை. இந்த வகையில் இரண்டு மூன்று நிறுவனங்களின் பேனைகள் இருக்கின்றன. எது என்பதைவிட என்ன வகை என்பதே வாங்குபவருக்கு முக்கியம்.

வகையை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘பிரஷ் பேனை’ என்று கடைகளில் தருவதில் பாதி, பஞ்சு போன்ற ஒற்றை முனை கொண்டவை. கொஞ்சம் அழுத்தி வரைந்தால் சில பக்கங்களிலேயே முனை மழுங்கிவிடும். நான் சொல்வது நைலான் மயிர் முனை கொண்டது. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகப் பிரியும். நுனியால் தொட்டால் கோடு நூலாக வரும், சாய்த்து அழுத்தினால் விரலகலத்துக்குக் கறுப்பு விழும். உள்ளே மாற்றக்கூடிய மைக்குப்பி. மை நிறமித் துகள் கலந்தது, ஆகவே காய்ந்தபின் மேலே நீர்வண்ணம் பூசினாலும் கரையாது. பள்ளிக்கூடப் பேனைகளின் சாய மை இந்த ஊரில் வியர்வைக்கே கரைந்துவிடும்.

வரைந்துகொண்டிருப்பது 1942 ஏப்ரல் 9 காலையைப் பற்றிய கதை. ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் அன்று திருகோணமலைத் துறைமுகத்துக்கும் சீனன்குடா விமானத் தளத்துக்கும் வந்தன. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுப் போன ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத்துக்குள் குண்டுபட்ட சகாயிங் என்ற கப்பலைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2018இல், கடற்படையினர் அடியிலிருந்து மேலே தூக்கினார்கள். என் கதை கப்பல்களைப் பற்றியது அல்ல. ஆடு தேடிப் போன ஒரு சிறுமி, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் எழும் புகையைப் பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை. ஜப்பானியப் பேனையால் ஜப்பானிய விமானங்களை வரைவதைப் பற்றி அம்மம்மாவிடம் சொன்னேன். “அப்போது குண்டு போட்டான், இப்போது பேனை விற்கிறான். காசு வாங்காமலா தந்தான்?” என்று கேட்டார்.

அந்தப் புகைதான் இந்தப் பேனையின் பெருமையை எனக்குக் காட்டியது. முனையைத் துணியில் ஒற்றி, மை பாதி வற்றிய நிலையில், சொரசொரப்பான கடதாசியில் வேகமாக இழுத்தால் மயிர்கள் விரிந்து வெள்ளைக் கீறல்களோடு கறுப்பு விழுகிறது. எண்ணெய்ப் புகையின் கனமும் கிழிசலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். நார் முனைப் பேனையால் அதையே செய்ய வேண்டுமென்றால் குறுக்குக் கோடு போட்டே கை வீங்கிவிடும். வழவழப்பான தாளில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. மை மேலேயே நின்று, காய நேரமெடுத்து, புறங்கை பட்டால் இழுபட்டுப் போகும். வெயில் நாட்களில் கைக்கு அடியில் ஒரு பழைய பருத்தித் துண்டு இல்லாமல் நான் உட்காருவதில்லை.

காலையில் வரைவது டச்சுக் குடாக் கடற்கரையில், கோட்டையும் சுவாமி மலையும் தெரியும் பக்கமாக. கோட்டைக்குள் போய்ப் புள்ளிமான்களை வரைவதும் உண்டு. அவை மனிதர்களுக்கு அஞ்சாதவை, கடதாசியையே முகர்ந்து பார்க்கும். இந்த மாதிரி வேலைக்கு மைக்கூடு, தண்ணீர்க் கிண்ணம் எதுவும் தேவைப்படாத பேனை பெரிய சௌகரியம். நின்றுகொண்டே வரையலாம். கரைவலை இழுப்பவர்களை வரைந்தபோது ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, “தங்கச்சி, எனக்கு இவ்வளவு வயிறா?” என்று கேட்டார். தூரிகையில் ஒரு முறை அழுத்தியது அழுத்தியதுதான், அழிறப்பர் உதவாது. அவருடைய வயிறு அச்சுக்கும் போகப்போகிறது. மூடியை மட்டும் மறக்கக் கூடாது. கச்சானில் திறந்து வைத்த முனை, பக்கத்தில் நிற்பவரோடு ஒரு பேச்சுப் பேசி முடிப்பதற்குள் விறைத்துப்போகும். ஈரத் துணியில் ஒற்றினால் திரும்ப வரும். ஆனால் முதல் கோடு சாம்பல் நிறமாகத்தான் விழும்.

இனிக் குறை. இந்தப் பேனையால் தமிழ் எழுத முடியாது. பெரிய தலைப்பு எழுதலாம், சத்தம் எழுதலாம். ‘டமார்’ என்பதை இதைவிட நன்றாக எதுவும் எழுதாது. பேச்சுக் குமிழிக்குள் எழுதத்தான் உதவாது. சின்ன அளவில் ‘ண’வின் சுழிகள் அடைபட்டுப்போகும், ‘ஞ’ ஒரு கறுப்பு உருண்டையாகும், புள்ளி வைத்தால் மேல்வரியின் காலோடு ஒட்டிக்கொள்ளும். இந்தப் பேனைகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தையோ ஜப்பானிய எழுத்தையோ மனதில் வைத்து எழுதுவதால் இதை ஒருவரும் சொல்வதில்லை. வசனத்துக்கு நான் 0.45 மில்லிமீற்றர் நார் முனைப் பேனைக்கு மாறிவிடுகிறேன். குமிழியையும் கடைசியில்தான் போடுகிறேன். ‘ஓடிக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லே கட்டத்தின் அகலத்தைப் பிடித்துவிடும். முதலில் குமிழி போட்டுவிட்டு அதற்குள் தமிழைத் திணிப்பவர்களின் பக்கங்களில் எழுத்துகள் மூச்சுத் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இந்த ஊரில் பேனை பிடிப்பது வீண். மின்விசிறியைப் போட்டால் கடதாசி பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டும். அந்த நேரம் வாசிப்புக்கு. இப்போது நூலகம் இணையத்தளத்தில் ‘சிரித்திரன்’ பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். சிவஞானசுந்தரம் அறுபதுகளில் தொடங்கிய அந்தச் சஞ்சிகையின் கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பரைத் தெரியாதவர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். குறைந்த கோட்டில் ஒரு யாழ்ப்பாணத்து மனிதரின் நடை, கௌரவம், கள்ளத்தனம் எல்லாம் வந்துவிடுகின்றன. மாமாவின் அலுமாரியிலிருந்து பழைய முத்து காமிக்ஸ் சிலவும் இறங்கியிருக்கின்றன. 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியவை. அட்டை கிழிந்து, தாள் பழுத்து, ஆனால் கறுப்பு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. மலிவுத் தாளில் அச்சாகும் என்று தெரிந்தே கனமான கறுப்பை நம்பி வரைந்திருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். என் கதையும் அப்படித்தான் மலிவுத் தாளில் அச்சாகப்போகிறது. மெல்லிய கோட்டை நம்பி அச்சகத்துக்குப் போக எனக்குத் தைரியமில்லை.

பின்னேரங்களில் உப்புவெளிப் பக்கம் போய் உல்லாசப் பயணிகளுக்கு முகம் வரைந்து கொடுக்கிறேன். கடதாசிக் காசும் பஸ் காசும் அதிலிருந்துதான். நிலாவெளியில் வெயில் காய்ந்து சிவந்துபோன வெள்ளைக்காரர்களைக் கறுப்பு மையில் வரைவதில் ஒரு நன்மை, சிவப்பைக் காட்ட வேண்டியதில்லை. இந்த வேலைக்கும் தூரிகைப் பேனை நல்லது. கோடு தடித்து மெலிவதைப் பார்ப்பதற்கே ஆட்கள் நிற்கிறார்கள்.

விலையைச் சொன்னால் வீட்டில் ஏச்சு விழும். ஒரு குடும்பமே கொத்துரொட்டி சாப்பிட்டு ஐஸ்கிரீமும் முடித்துவிட்டு வரலாம். குப்பிகளின் விலை தனி. பெரிய கறுப்பு வானங்கள் உள்ள கதைக்கு அவை தண்ணீராகப் போகின்றன. மருந்துக்கடையில் ஒரு ஊசிக்குழல் வாங்கி, வெறுங்குப்பியை மையால் நிரப்பிக்கொள்ளலாம். நான் அதைத்தான் செய்கிறேன். ஊற்றுப் பேனைக்கென்று செய்த நிறமி மையாகப் பார்க்க வேண்டும். அரக்கு கலந்த ‘இந்தியன் இங்க்’ மையை ஊற்றினால் உள்ளேயே இறுகிப் பேனை அத்தோடு சரி.

படக்கதை வரைபவர்களுக்கும் வெளியில் நின்று வரைபவர்களுக்கும் வாங்கச் சொல்வேன். வீட்டிலிருந்து வசனம் எழுதுவதுதான் பெரும்பகுதி வேலை என்பவர்கள் காசை மிச்சம் பிடியுங்கள். நம் ஊர்க் கடைகளில் நான் இதைக் கண்டதில்லை. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வரும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது குப்பிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேனையோடு வருவது வானம் வரைபவருக்கு ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது.