விரியும் முனையா, விரியாத முனையா: கிராஸ்போவுக்கு நான் வாங்கிய பிராட்ஹெட்கள்

ஒஹாயோவின் தென்கிழக்குப் பக்கம் ஒரு சோயா பண்ணையின் ஓரத்தில், ஓக் மரத்தில் பரண் கட்டி ஏழு வருடமாக மான் வேட்டைக்குப் போகிறேன். இந்தியாவில் 1972-ம் வருட வனவிலங்குச் சட்டம் இருப்பதால், மானை அடிப்பது என்றாலே நம் ஆட்களுக்குத் தூக்கிவாரிப் போடும். இங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான் பெருகி வயலை மேய்கிறது. லைசென்ஸும் பெர்மிட்டும் எடுத்து, நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினால் போதும். வில்-அம்பு சீசன் செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து பிப்ரவரி முதல் வாரம் வரை ஓடும். கிராஸ்போவும், அதாவது துப்பாக்கி மாதிரி விசை வைத்த வில்லும், அதில் சேர்த்தி.

கிராஸ்போ வாங்கும்போது எல்லோரும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். மானைக் கொல்வது அந்த வேகம் அல்ல, போல்ட்டின், அதாவது அதில் வைத்து எய்யும் குட்டை அம்பின், நுனியில் இருக்கும் எட்டு கிராம் பிராட்ஹெட் என்கிற பிளேடு முனைதான். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியில் கொல்லும். அம்பு ரத்தம் வடிய வைத்துக் கொல்லும். அதனால் நுரையீரலை அறுத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வர வேண்டும். பரணிலிருந்து கீழ்நோக்கி அடிப்பதால் நுழையும் ஓட்டை முதுகுப்பக்கம் உயரத்தில் இருக்கும். அதன் வழியே ரத்தம் சொட்டாது, நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். கீழே வெளியேறும் இரண்டாவது ஓட்டைதான் தரையில் தடம் போடும். நான் எந்த முனையை எடுத்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, இது மறுபக்கம் வருமா என்பதுதான்.

முதல் இரண்டு வருடம் மெக்கானிக்கல்தான் வைத்திருந்தேன். பறக்கும்போது பிளேடு மடங்கியிருக்கும், தோலில் பட்டதும் விரியும். இரண்டு அங்குல வெட்டு என்று பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்து மயங்கி வாங்கினேன், மூன்று முனை 45 டாலர். பயிற்சிக்கான பிளேடு இல்லாத முனை, ஃபீல்டு பாயிண்ட், எங்கே பட்டதோ அங்கேயே இதுவும் பட்டது, 40 கெஜத்திலும் கூட. முதல் மான் 50 கெஜம் தாண்டுவதற்குள் விழுந்தது. தடம் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, இலைச்சருகு முழுக்க நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம். நுரையீரலில் பட்டால் அப்படித்தான் நுரைக்கும்.

இரண்டாவது வருடம் நவம்பரில் ஒரு பெட்டைமான் 27 கெஜத்தில் நின்றது. என் பக்கம் சற்றுத் திரும்பி, முன்தோளைக் காட்டிக்கொண்டு. காத்திருந்திருக்க வேண்டும். விசையை அழுத்திவிட்டேன். போல்ட் தோள்பட்டை எலும்பில் இறங்கி, நாலு அங்குலம் போய் நின்றுவிட்டது. மான் போல்ட்டோடு ஓடியது. அறுபது கெஜம் வரை துளித்துளியாக ரத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. இருட்டும்வரை முட்டிபோட்டுத் தேடினேன். மறுநாள் காலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. ஓநாய் மாதிரியான கயோட்டிகள் பாதியைத் தின்றிருந்தன. ஒரு பிளேடு விரியவே இல்லை, இன்னொன்று வளைந்திருந்தது. கோணம் தவறு, அது என் தவறுதான். ஆனால் விரிவதற்கே ஆற்றலில் ஒரு பங்கைச் செலவழிக்கிற முனை எலும்பைச் சந்திக்கும்போது என்ன ஆகும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அந்த மானை நான் மறக்கவில்லை.

அதன்பிறகு ஃபிக்ஸட், அதாவது விரியாத முனை பக்கம் வந்தேன். முதல் நாளே வேறொரு சிக்கல். ஃபீல்டு பாயிண்ட் நடுவில் பட, ஃபிக்ஸட் முனை 40 கெஜத்தில் ஐந்து அங்குலம் இடப்பக்கம் போனது. காரணம் எளிது. முன்னால் இருக்கும் திறந்த பிளேடு காற்றுக்கு ஒரு சின்ன இறக்கை மாதிரி. போல்ட்டோ 20 அங்குலம்தான், பின்னால் இருக்கும் வேன்களும் (இறகுகளும்) குட்டை. நொடிக்கு 380 அடி வேகத்தில் முன் இறக்கை இழுக்கிற பக்கம்தான் போல்ட் போகும். முனை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் போச்சு.

சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு விரல் நகத்தின் மேல் கிடத்தி ஊதிச் சுழற்றினேன். நுனி ஒரே புள்ளியில் நின்றால் நல்லது, வட்டம் போட்டால் கோணல். ஆறில் இரண்டு வட்டம் போட்டன, அவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டேன். மற்றவற்றில் முனையைத் திருகி மாட்டும் இன்சர்ட்டைக் கனமான பித்தளையில் போட்டு, முனையையும் 100 கிரெய்னிலிருந்து 125-க்கு மாற்றினேன். மொத்த எடை 400 கிரெய்னிலிருந்து 475 ஆனது, அதாவது 26 கிராமிலிருந்து 31. வேகம் 350 அடிக்கு இறங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆற்றல் கிட்டத்தட்ட அதே 128 அடி-பவுண்டு, ஆனால் கனமான போல்ட் உள்ளே போகும்போது அவ்வளவு சீக்கிரம் நிற்காது. முன்பக்கம் கனம் கூடியதில் பறப்பதும் நேரானது. இப்போது 40 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுகிறது.

வேகம் குறைந்தால் மான் தப்பிவிடாதா என்று கேட்பார்கள். 30 கெஜத்துக்கு என் போல்ட் போக கால் நொடிக்குக் கொஞ்சம் மேல். கிராஸ்போவின் சத்தம் அதற்கு முன்பே, நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் மானின் காதுக்குப் போய்விடும், மிரண்ட மான் போல்ட் வருவதற்குள் நகர்ந்துவிடலாம். 380 அடி வேகமானாலும் சத்தத்தை முந்த முடியாது. அதனால் 30 கெஜத்துக்கு மேல் காதை விறைத்து நிற்கிற மானை நான் அடிப்பதில்லை.

இப்போது என் கையில் இருக்கும் இரண்டு ஃபிக்ஸட் முனைகள். ஜி5 மான்டெக் ஒரே இரும்பில் செய்தது, மூன்று பிளேடு, கழற்றி மாட்ட எதுவும் இல்லை. எனக்கு இதில் பிடித்ததே தீட்டும் வசதிதான். மூன்று பிளேடு என்பதால் சாணைக்கல்லின் மேல் வைத்தால் இரண்டு விளிம்பு தானாகவே படிந்து உட்காரும், கோணம் பிடிக்கத் தனிக் கைப்பழக்கம் தேவையில்லை. விளிம்பில் கறுப்பு மார்க்கர் பூசிவிட்டு முன்னால் தள்ளித் தீட்டுவேன். மை நுனி வரை அழிந்தால் கல் சரியாகப் படுகிறது என்று அர்த்தம். பத்துத் தள்ளு, திருப்பு, பத்துத் தள்ளு, திருப்பு. கடைசியில் ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து பிளேடைத் தொடவைத்துப் பார்ப்பேன். அழுத்தாமலே அறுந்தால்தான் அம்பறாத்தூணிக்குப் போகும். ரத்தக்குழாய் வழவழப்பாக விலகி நழுவக்கூடியது, மழுங்கிய பிளேடு அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும்.

ஸ்லிக் ட்ரிக் மேக்னம் நாலு பிளேடு, 1⅛ அங்குலம். குட்டையாக இருப்பதால் காற்று இழுப்பு குறைவு, என் கிராஸ்போவில் மான்டெக்கைவிடச் சீக்கிரம் குறிக்கு வந்தது. பிளேடு மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம், தீட்ட நேரமில்லாதவர்களுக்கு இதுவே வசதி. அகலம் குறைவு என்று நினைக்காதீர்கள். இரண்டு கோடு குறுக்காக வெட்டுவதால் மொத்த வெட்டு நீளம் 2¼ அங்குலம். இரண்டு பிளேடு வைத்த இரண்டு அங்குல மெக்கானிக்கல் வெட்டுவது இரண்டுதான். போன அக்டோபரில் 22 கெஜத்தில், பக்கவாட்டில் நின்ற ஒரு கொம்புமானை இதனால் அடித்தேன். போல்ட் ஒரு விலா எலும்பை வெட்டிக்கொண்டு மறுபக்கம் வந்து மண்ணில் குத்தி நின்றது. எண்பது கெஜம் தள்ளி மான் கிடந்தது, ரத்தத் தடம் குழந்தைகூடப் பின்தொடரலாம்.

மெக்கானிக்கலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிராஸ்போ 400 அடிக்கு மேல் போகிறது, எவ்வளவு முயன்றும் ஃபிக்ஸட் குறிக்கு வரவில்லை என்றால், குறி தவறும் ஃபிக்ஸட்டைவிடக் குறியில் படும் மெக்கானிக்கல் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கிராஸ்போவுக்கென்றே செய்ததை வாங்குங்கள். சாதாரண வில்லுக்கான முனையில் பிளேடை மடக்கி வைத்திருக்கும் பிடிமானம் புறப்படும் வேகத்திலேயே விட்டுக்கொடுத்து, பிளேடு காற்றில் விரிந்துவிடலாம். மான் சரியாகப் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருந்து அடியுங்கள். அப்புறம், அடிக்கப்போகிற அதே முனையால் பயிற்சி செய்யுங்கள். செவர் என்ற பிராண்டின் மெக்கானிக்கல் முனையில் பிளேடைப் பூட்டி வைக்க ஒரு சின்ன திருகு இருக்கிறது. அதே முனையை டார்கெட்டில் எறிந்து பார்த்துவிட்டு, திருகை எடுத்துவிட்டு வேட்டைக்குக் கொண்டுபோகலாம். நல்ல யோசனை, மற்றவர்களும் செய்ய வேண்டும்.

ஃபிக்ஸட் வாங்குகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். போல்ட்டைப் பூட்டியபின் முனை கிராஸ்போவின் தண்டவாளத்தை (போல்ட் கிடக்கும் நீளத் தடத்தை) தாண்டி முழுதாக வெளியே இருக்கிறதா? போல்ட் குட்டையாகி பிளேடு உள்ளே வந்தால் எறியும்போது இடிக்கும், கைக்கும் ஆபத்து. அகல விஷயத்தில் ஒஹாயோ சட்டம் முக்கால் அங்குலம் இருந்தால் போதும் என்கிறது, விரியும் முனைக்கும் அனுமதி உண்டு. வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் அங்கத்திய விதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

இந்த செப்டம்பருக்கு மூன்று ஸ்லிக் ட்ரிக், இரண்டு மான்டெக் தயார். மான்டெக் ஒன்றில் ரப்பர் பேண்ட் இன்னும் இழுபடுகிறது, இன்று இரவு மறுபடி கல்லில் வைக்க வேண்டும்.