பவளத் தொட்டிக்கு எந்த நண்டு: எமரால்டா, சங்கு நண்டா, போர்சலினா?

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போரிடையே 'ரீஃப் சேஃப்' (பவளத் தொட்டிக்குத் தீங்கற்றது) என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. நண்டுகளைப் பொறுத்தவரை அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிட முடியாது. விற்பனைக்கு வரும் நண்டுகளில் பெரும்பாலானவை கிடைத்ததைத் தின்னும் இயல்புடையவை. பாசியைத் தின்னும் கொடுக்கே, பாசி தீர்ந்ததும் பவளத்தின் பாலிப்பை, அதாவது அதன் மென்மையான உயிர்ப்பகுதியை, கிள்ளவும் நத்தையைப் பிடிக்கவும் நீளும். ஆகையால் ஒரு நண்டை மற்றொன்றோடு ஒப்பிடும்போது, அதன் நிறத்துக்கு முன்பாகக் கொடுக்கின் வடிவத்தையும் அது உண்ணும் முறையையும் பார்ப்பதே சரி என்று கருதுகிறேன்.

கரீபியக் கடலைச் சேர்ந்த பச்சை நிற எமரால்டு நண்டைப் பலரும் வாங்குவதற்கு ஒரே காரணம் குமிழிப் பாசி. அந்தப் பாசியின் ஒவ்வொரு குமிழும் ஒற்றை உயிரணு என்பதும், பரவத் தொடங்கினால் கையால் பிடுங்கித் தீர்ப்பது கடினம் என்பதும் அனுபவப்பட்டோருக்குத் தெரியும். எமரால்டு நண்டின் கொடுக்கு நுனி கரண்டிபோல் குழிந்திருப்பதால், பாறையின் மேற்பரப்பைச் சுரண்டி உண்பதற்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் பாசி தீர்ந்தபின் என்ன செய்வது என்ற கேள்வியை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பசித்த எமரால்டு நண்டு சோவாந்திட் போன்ற மென்மையான பவளங்களைக் கிள்ளுவதுண்டு. பெரிய கொடுக்குகளோடு வளர்ந்த ஆண் நண்டு, இரவில் பாறையிடுக்கில் உறங்கும் சிறு மீன்களுக்கும் அச்சுறுத்தலாகலாம். வயிற்று மடல் அகலமாக இருப்பது பெண். அதன் கொடுக்குகள் சிறியவை என்பதால் அதையே தேர்ந்தெடுப்பேன். உலர்ந்த கடற்பாசித் துண்டுகளை வாரத்தில் சில முறை அது இருக்கும் பாறையருகே வைத்து வந்தால், பவளத்தின்மேல் கைவைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். குமிழிப் பாசியே இல்லாத தொட்டியில் இந்த நண்டுக்கு வேலையில்லை.

ஹெர்மிட் எனப்படும் சங்கு நண்டுகள் இதற்கு நேர்மாறானவை: சிறிய இனங்களால் பவளங்களுக்குத் தீங்கு மிகக் குறைவு, நத்தைகளுக்கோ தீங்கு அதிகம். நீலக்கால் சங்கு நண்டு மெல்லிய இழைப்பாசியையும் மணலில் தங்கும் மீன் உணவுத் துகள்களையும் சுறுசுறுப்பாகத் துப்புரவு செய்யும்; ஆனால் வளரும்போது பெரிய ஓடு தேவைப்படுவதால், டர்போ, ட்ரோக்கஸ் போன்ற நத்தைகளைக் கொன்றுவிட்டு அவற்றின் ஓட்டில் குடியேறத் தயங்காது. செந்நிறக் கால்களைக் கொண்ட ஸ்கார்லெட் சங்கு நண்டு, இந்த விஷயத்தில் குறிப்பிடத்தக்க அளவுக்குச் சாதுவானது. சற்று விலை கூடினாலும் எண்ணிக்கையைக் குறைத்து ஸ்கார்லெட்டை வாங்குவதையே நான் விரும்புவேன். எதை வாங்கினாலும், வெவ்வேறு அளவுகளில் வெற்று ஓடுகளை மணலில் போட்டு வைத்தால் நத்தைகளின் உயிர் காக்கப்படும். டார்டானஸ் இனத்துப் பெரிய சங்கு நண்டுகள் ஓட்டின்மேல் கடற்சாமந்தியைச் சுமந்து திரிவதால் கண்ணைக் கவரும். அவை பவளத் தொட்டிக்கு உரியவையல்ல.

பாதுகாப்பு மட்டுமே அளவுகோல் என்றால் போர்சலின் நண்டுக்கு இணையில்லை. உண்மையில் இது வழக்கமான நண்டுகளைவிடச் சங்கு நண்டுகளுக்கே நெருங்கிய உறவு. வெளியே தெரியும் நடைக்கால்கள் மூன்று இணைகளே. வாயருகே விசிறிபோல் விரியும் உறுப்புகளால் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வாரி உண்பதால், பவளத்தைத் தின்ன வேண்டிய தேவை அதற்கு இல்லை. அகன்ற கொடுக்குகள் இடத்தைக் காப்பதற்கே. பாசியை அது தின்னாது என்பதையும், மிக நுண்ணிய உணவை நீரில் கலந்து தர வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டால் போதும்.

கொடுக்குகளில் குட்டிக் கடற்சாமந்திகளை ஏந்தி நிற்கும் பாம்பாம் நண்டும் பவளத்துக்குத் தீங்கற்றதே. ஆனால் பெரிய தொட்டியில் அது கண்ணிலேயே படாது.

பாசியைத் தின்பதாகச் சொல்லி விற்கப்படும் சாலி லைட்ஃபூட் நண்டு, வளர வளர வேட்டையாடும் குணத்தைக் காட்டுகிறது. முட்புழுக்களைத் தின்னும் ஆரோ நண்டு, குழாய்ப்புழுக்களையும் சிறு இறால்களையும் விட்டுவைப்பதில்லை. அலங்கார நண்டு பாலிப்புகளையும் கடற்பஞ்சையும் பிய்த்துத் தன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இம்மூன்றையும் தவிர்க்கவே சொல்வேன்.

தேர்வு எதுவானாலும், செம்பு கலந்த மீன் மருந்தைத் தொட்டியில் ஒருபோதும் இடக்கூடாது. அது நண்டுகளைக் கொன்றுவிடும். ஓடு கழற்றிய நண்டு சில நாள் மறைந்திருக்கும். கழற்றிய வெற்று ஓட்டை இறந்த நண்டென்று எண்ணிப் பதறிப் பாறைகளைக் கலைத்தால், மென்மையான உடலோடு பதுங்கியிருப்பது நசுங்கும்.

நாம் வாங்காமலே பவளத்தோடு வந்து சேரும் நண்டுகளும் உண்டு. போசில்லோபோரா என்ற கிளைப்பவளத்தின் கிளைகளுக்கிடையே வாழும் வழவழப்பான டிரபீசியா நண்டு, பவளத்தின் கோழையை உண்டு, அதன்மேல் படியும் வண்டலை அகற்றி, கடலில் பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீனையும் எதிர்த்து விரட்டுகிறது. அதை எடுத்துவிடுவது பவளத்துக்கே இழப்பு. உடலெங்கும் மயிரும், கறுத்த நுனியுடைய தடித்த கொடுக்கும் கொண்டு பாறைத்துளையில் ஒளிந்திருக்கும் தீங்கான நண்டையோ, இரவில் செவ்விளக்கின் ஒளியில் பார்த்து, இரை வைத்த கண்ணாடிக் குவளையைப் பாறையில் சாய்த்து வைத்துப் பிடித்து வெளியேற்றிவிடலாம்.