தை வெயிலுக்கு எந்த வேர்? புழுதி விதைப்பும் நாற்று நடுகையும்

யாழ்ப்பாணத்து மானாவாரி நெல்லுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை இருக்கும், மப்பில் வெயில் இருக்காது. தை பிறக்க வெயில் நன்றாக எறிக்கும், அப்போது வயல் காயத் தொடங்கிவிடும். நெல்மணியில் சேரும் மாப்பொருளில் பெரும்பங்கை இலை செய்வதோ கதிர் வந்த பிறகுதான். அதனால் காய்ந்த மண்ணில் நேரே விதைக்கும் புழுதி விதைப்பு, நாற்றைப் பிடுங்கிச் சேற்றில் நடும் நடுகை என்ற இரண்டு முறைகளையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: பால் பிடிக்கும் நேரத்தில் வேர் இலைக்குக் கைகொடுக்குமா?

இலையில் வெயில் படுவது வேறு, அது நெல்லாவது வேறு. வேருக்கு ஈரம் எட்டாவிட்டால் இலைத்துளைகள் மூடும், காபனீரொட்சைட்டு உள்ளே போகாது, விழுந்த ஒளி வீண். நைதரசன் ஏறுவது குறைந்தால், கதிர் அதை இலையிலிருந்தே இழுத்துக்கொள்ளும், இலை வேளைக்கே பழுக்கும். இலையைப் பச்சையாக வைத்திருக்கும் சைற்றோகைனின் என்ற ஓமோனும் வேரிலிருந்து மேலே வருவதுதான்.

புழுதி விதைப்பில் விதை விழுந்த இடத்திலேயே வேர் இறங்கும். மண் சேறாகாததால் ஈரத்தைத் தேடிக் கீழே போக வழி இருக்கும். 2013இல் வெளிவந்த யப்பானிய ஆய்வொன்றில், வேரைச் செங்குத்தாக இறக்கும் மரபணுவைப் பிலிப்பைன்ஸ் மேட்டுநில நெல்லிலிருந்து ஐஆர் 64 இனத்துக்குக் கொண்டுவந்தார்கள். வரட்சியில் அந்தப் பயிர் ஐஆர் 64ஐ விட நன்றாக விளைந்தது. நமக்கு வேண்டியதும் அந்த ஆழம்தான்.

குறை, நெருக்கம். களைக்குப் பயந்து விதையை அள்ளி வீசுகிறோம். வயல் கெதியாகப் பச்சையாக மூடும். அப்புறம் ஒன்றின் நிழலில் மற்றது நின்று வேரும் மெலியும். ஏக்கருக்கு ஏறக்குறைய 2 புசல் போதும்.

நடுகையில் நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறும், தேற நாள் எடுக்கும். சேற்றுழவால் அடியில் இறுகிய படை உண்டாகி வேர் மேல்மண்ணிலேயே தங்கும். ஆனால் இடைவெளி கிடைப்பதால் மட்டம், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் தண்டு, நன்றாக வெடிக்கும், ஒவ்வொரு மட்டமும் தன் வேரை விடும். இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீர் பாயும் வயல் என்றால் நானும் நடுகையின் பக்கம்தான். தட்டில் வளர்த்த நாற்றை வயலில் எறியும் பரசூட் முறையில் நாற்று வேர்மண்ணோடு போவதால் வேர் அறாது, சேறு மட்டும் வேண்டும்.

வானத்தை நம்பிய தென்மராட்சி வயலுக்கு என் தெரிவு புழுதியில் வரிசை விதைப்பு. ஆழமும் இடைவெளியும் சேர்ந்து கிடைக்கும்.

பொங்கலுக்கு முதல் கிழமை மண்வெட்டியால் ஒரு பயிரை மண்ணோடு கிளப்பிக் கழுவிப் பாருங்கள். வெள்ளை நுனிகள் தெரிந்தால் வேர் இன்னும் வேலை செய்கிறது. வேர் கறுத்து, அழுகிய முட்டை மணம் வந்தால், தண்ணீர் தேங்கி மூச்சுத் திணறிய வேர் அது. அந்த வயலுக்கு அடுத்த காலபோகத்துக்கு முன் வடிகால் வெட்டுங்கள்.