ஆபத்தைக் குறைப்பதா, கைமாற்றுவதா? சிங்கப்பூர்க் கட்டுமானத்தில் மூன்று வழிகள்

ஒரு கட்டுமானத் திட்டத்தின் ஆபத்தைக் குறைப்பது வேறு, அதை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவது வேறு. டெண்டர் பேசும்போது இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் யாரிடம், எப்போது ஒப்படைப்பது என்பதற்கு இங்கே வழக்கத்தில் உள்ள மூன்று வழிகளையும் ஒரே கேள்வியை வைத்து உரசிப் பார்க்கலாம்: தவறு கண்ணில் படும் நேரத்தில் அதை வரைபடத்தில் திருத்த வாய்ப்பிருக்கிறதா, இல்லை கான்கிரீட் ஊற்றியாகிவிட்டதா?

பழைய வழி எல்லோருக்கும் தெரிந்தது. கட்டடக் கலைஞரும் பொறியாளரும் வரைபடத்தை முடிப்பார்கள், அப்புறம் டெண்டர், அப்புறம் கட்டுபவர் வருவார். உரிமையாளருக்குத் தனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று முன்பே தெரியும். எல்லோரும் ஒரே வரைபடத்துக்கு விலை சொல்வதால் கியூ.எஸ். எனப்படும் கட்டுமானச் செலவுக் கணக்காளர் ஒப்பிடுவதும் சுலபம். குறை என்னவென்றால், கட்டப்போகிறவர் வாய் திறக்கும்போது காலம் கடந்திருக்கும். பீமைத் தாண்டி ஏர்கான் குழாய் போக இடமில்லை என்பது தளத்தில்தான் தெரியவரும். உடனே ஆர்.எஃப்.ஐ. (விளக்கம் கேட்கும் கடிதம்), பதிலுக்குக் காத்திருப்பு, கடைசியில் வி.ஓ. (ஒப்பந்த வேலையை மாற்றும் உத்தரவு) யார் காசு என்று ஒரு சண்டை.

இரண்டாவது டிசைன் அண்ட் பில்டு. வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. வேகம் அதிகம், இவர் அவரைக் கைகாட்டும் வேலை இல்லை. ஒரே மாதிரி அடுக்குகள் திரும்பத் திரும்ப வரும் கட்டடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நிலத்தடி வேலையில் இதே வழி எப்படித் தடுமாறலாம் என்பதற்கு நிக்கல் நெடுஞ்சாலை விபத்து இருக்கிறது. 2004 ஏப்ரல் 20 அன்று, வட்டப் பாதை ரயிலுக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்த பள்ளம் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அது டிசைன் அண்ட் பில்டு ஒப்பந்தம். விசாரணைக் குழு கண்ட இரண்டு பெரிய பிழைகளும் மேசையில் பிறந்தவை. ஒன்று, அந்த இடத்தின் மென்மையான கடற்களிமண்ணுக்கு இல்லாத வலிமை இருப்பதாகக் காட்டிய கணக்கு முறை. மற்றொன்று, பக்கச் சுவரைத் தாங்கும் எஃகுத் தாங்கிகள் குறுக்குச் சட்டத்தோடு சேரும் இணைப்பைப் போதிய வலுவில்லாமல் வடிவமைத்தது. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்வதைக் கருவிகள் முன்பே காட்டிக்கொண்டிருந்தன. வேலையை நிறுத்தி வடிவமைப்பைத் திருத்துவதற்குப் பதில், கணக்கைத் திரும்பப் போட்டு, அனுமதிக்கும் நகர்வின் அளவை உயர்த்திக்கொண்டார்கள்.

ஒப்பந்த முறையால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. எந்த முறையிலும் நடந்திருக்கலாம். ஆனால் வடிவமைப்பவரும் வேலையை முடித்துக் காசு வாங்குபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, ‘நிறுத்து’ என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு குரல் வேண்டும். உரிமையாளர் ஆபத்தைக் காகிதத்தில் கைமாற்றியிருக்கலாம். பள்ளத்துக்கு அது தெரியாது.

மூன்றாவது வழியில், வரைபடம் பாதியில் இருக்கும்போதே கட்டுபவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். கிரேன் எங்கே நிற்கும், தற்காலிகத் தாங்கிகளை எந்த வரிசையில் எடுப்பது, லாரி எந்தச் சந்தில் திரும்பும் என்பதெல்லாம் வடிவமைப்பவருக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். கட்டுபவருக்கு அதுதான் பிழைப்பு. சிங்கப்பூரின் பொதுத்துறைக் கட்டுமான ஒப்பந்த விதிகளிலேயே கூட்டுழைப்புக்கான விருப்பப் பிரிவு ஒன்று இப்போது உண்டு. சிக்கல் வரும் போலிருந்தால் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும், வரக்கூடிய ஆபத்துகளைப் பட்டியலிடும் இடர்ப் பதிவேட்டை இரு தரப்பும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்கிறது அது.

இதன் பலவீனம் விலை. ஒருவரை முன்பே அழைத்துவிட்டால் பேரம் பேசும் பலம் குறைகிறது. உள்தணிக்கைக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான், நியாயமான கேள்வி. டெண்டரை இரண்டு கட்டமாக வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்: முதலில் தகுதியையும் லாப விகிதத்தையும் பார்த்துத் தேர்வு, வரைபடம் முதிர்ந்ததும் செலவுக் கணக்கைத் திறந்து வைத்து விலை பேசுவது. ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்காமல் இதில் இறங்கக் கூடாது.

அறைகளைப் பெட்டிகளாகத் தொழிற்சாலையில் செய்து தளத்தில் அடுக்கும், பிபிவிசி எனப்படும் ஆயத்த அறைப்பெட்டி முறையில் இந்த மூன்றின் வித்தியாசமும் பளிச்சென்று தெரியும். கிளமெண்டியில் 2019இல் முடிந்த கிளெமென்ட் கேனப்பி, 40 மாடி, 505 வீடுகள். பெட்டிகளின் கான்கிரீட் கூடு மலேசியாவில் ஜோகூரின் சேனாயிலும், உள்வேலைகள் துவாஸிலும் நடந்தன. குழாயும் ஒயரும் டைல்ஸும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுவதால், அச்சு தயாராகும் முன் வடிவமைப்பை, இனி மாற்றமில்லை என்று உறையவைத்தே ஆக வேண்டும். பழைய வழியில் இது அநேகமாக ஓடாது. பெட்டி செய்பவர் வரும் முன்பே வரைபடம் முடிந்திருக்கும். அதே நேரம், ஆபத்து இங்கே மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. 2020 மார்ச்சில் கோவிட் பரவலால் மலேசியா எல்லையை மூடியதும் ஜோகூரை நம்பியிருந்த தளங்கள் திணறின. அப்புறம் இங்கும் வேலை நின்றது. தகுதியுள்ள ஒப்பந்தங்களுக்குச் சட்டம் போட்டு 122 நாள் கூடுதல் அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. மாற்று ஆலை எது என்பதும் வடிவமைப்பு மேசையில் கேட்க வேண்டிய கேள்விதான்.

என் தேர்வைக் கேட்டால்: ஓடிக்கொண்டிருக்கும் எம்.ஆர்.டி. ரயில் பாதைக்குப் பக்கத்தில் தோண்டுவதானாலும், நிலத்தடி அடுக்குகள் பல இருந்தாலும் மூன்றாவது வழி. மேட்டு நிலத்தில் ஒரே மாதிரி அடுக்குமாடி என்றால் டிசைன் அண்ட் பில்டு, ஆனால் உரிமையாளர் தரப்பில் தனியாக ஒரு பொறியாளரை வைத்துக்கொண்டு. லிட்டில் இந்தியாவின் பாதுகாக்கப்பட்ட கடைவீட்டைப் புதுப்பிப்பதற்குப் பழைய வழியே போதும். பக்கத்துக் கடைவீட்டோடு பகிரும் பொதுச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை டெண்டருக்கு முன்பே திறந்து பார்க்கச் செலவழித்தால், பின்னால் வரும் வி.ஓ.க்கள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

எந்த வழியானாலும் ஒரு சட்டம் பொது. 2016 ஆகஸ்ட் 1 முதல், 1 கோடி வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள திட்டங்களில், வடிவமைப்புக் கட்டத்திலேயே பாதுகாப்பு ஆபத்துகளை அலசி, மிச்சமிருப்பதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்தப் பதிவேடு ஆங்கிலத்தில் கோப்புக்குள் இருக்கிறது. பல தளங்களில் வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சான காலை டூல்பாக்ஸ் மீட்டிங் தமிழிலும் வங்காளத்திலும் நடக்கிறது. ‘இந்தத் தாங்கியை மூன்றாம் நிலை முடியும்வரை கழற்றாதே’ என்ற வரியை ஃபோர்மேன் அண்ணன் படித்தாரா என்று கேட்க எந்த ஒப்பந்தத்திலும் தனிப் பத்தி நான் பார்த்ததில்லை. பதிவேட்டின் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் தரச் சொல்லி டெண்டரிலேயே கேட்கலாம். பெரிய செலவும் இல்லை.