வீட்லருந்து வாய்ஸ் ஓவர் பேசுறப்போ கிளையன்ட் லைவ்ல கேட்கணுமா: ஜூமா, சோர்ஸ் கனெக்டா?

ஜூம்ல கிளையன்ட் சும்மா கேட்டு கரெக்‌ஷன் சொல்லுவார், நிஜ ரெக்கார்டிங் நம்ம கம்ப்யூட்டர்லயே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலா ஓடும், அதனால நெட் திக்கினாலும் டேக் (ஒரு தடவ பேசிப் பதிவு பண்றது) கெடாது, ஆனா ரெக்கார்ட் அமுக்க மறந்தா கதை முடிஞ்சுது (எனக்கு ஏழு டேக் போயிருக்கு, கேவலம்). ஜூம்ல 'ஒரிஜினல் சவுண்ட்'ங்கிற செட்டிங்க (இரைச்சல் நீக்குறத நிறுத்துறது) ஆன் பண்ணலைன்னா நாம மெதுவா முடிக்கிற கடைசி வார்த்தைய ஜூம் இரைச்சல்னு நெனச்சு வெட்டிடும், கிளையன்ட் "முடிவ முழுங்குறீங்களே"ம்பார்.

சோர்ஸ் கனெக்ட்ங்கிறது குரல ஸ்டுடியோ தரத்துல நெட் வழியா அனுப்புற சாஃப்ட்வேர்; அதுல நம்ம குரல் நேரா அந்தப் பக்க ஸ்டுடியோலயே ரெக்கார்ட் ஆகும், ஃபைல் பேர் வச்சு அனுப்புற தலைவலி இல்ல. ஆனா அதுக்குக் காசு கட்டணும், வைஃபைய நம்பாம நெட் கேபிள் போடணும். ஸ்டுடியோ கேட்டா மட்டும் வாங்குங்க, இல்லாட்டி ஜூமே தாராளம். ரெண்டுலயும் காதை மூடுற ஹெட்போன் போடுங்க, இல்லன்னா கிளையன்ட் குரலும் மைக்ல ஏறிடும்.