டொர்னாடோ: பாதையில் கருவியா, தொலைவில் ரேடாரா?

அமெரிக்கப் பெருஞ்சமவெளியில், மேகத்திலிருந்து தரை வரை சுழலும் காற்றுத் தூணான டொர்னாடோவைத் துரத்தி அளப்போர், அது வரும் பாதையிலேயே கருவியை வைத்துவிட்டு விலகுவர். அல்லது சில கிலோமீட்டர் தள்ளி நின்று, லாரியில் பொருத்திய டாப்ளர் ரேடாரால் (மழைத்துளி போன்றவற்றில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகளைக் கொண்டு காற்றின் வேகத்தை அறியும் கருவி) அளப்பர். டொர்னாடோ ஆய்வாளர் டிம் சமாரஸ் முதல் வழியினர். 2003 ஜூன் 24 அன்று, தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில், தரையோடு படிந்து நின்ற அவருடைய கூம்புக் கருவி காற்றழுத்தத்தில் 100 மில்லிபார் வீழ்ச்சியைப் பதிவு செய்தது. தரையை ஒட்டி நிகழ்வதை ரேடார் கற்றை பெரும்பாலும் எட்டுவதில்லை என்பதால், அந்த அளவீட்டுக்கு ஈடில்லை.

எனினும், 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர் வேகக் காற்றை அளந்தது, வானிலை ஆய்வாளர் ஜோஷுவா வுர்மன் குழுவின் ரேடார் வண்டியே. பாதுகாப்பைக் கருதினால் நான் ரேடாரையே தேர்வேன்: 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோவில், திடீரெனத் திசை மாறி விரிந்த டொர்னாடோ சமாரஸையும் அவருடைய மகனையும் கூட்டாளியையும் பலிகொண்டது; மழைத்திரைக்குள் மறைந்திருந்த அதன் அகலம் 4.2 கிலோமீட்டர் என்று காட்டியதும் ரேடார்தான்.