கொலுசுப் பட்டறை விரல்நுனி: மெர்க்கெலா மைஸ்னரா, ஷ்வானா ஆலிகோடென்ட்ரோசைட்டா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளில் சலங்கை கோப்பவர், வெள்ளிக் கம்பியில் துருத்தி நிற்கும் பிசிறைக் கண்ணால் தேடுவதில்லை. விரலால் ஒருமுறை வருடியே அறிந்துகொள்கிறார். இந்தத் தேர்ச்சிக்கு உரிமை கோரும் உணர்வேற்பிகள் முதன்மையாக இரண்டு.

மேல்தோலின் அடியடுக்கில் அமர்ந்திருக்கும் மெர்க்கெல் செல்கள், அழுத்தம் நீடிக்கும்வரை நரம்புக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால், விளிம்பையும் முனையையும் பிரித்தறிவதில் மிகவும் கூர்மையானவை. அவற்றுக்குச் சற்றுக் கீழேயுள்ள மைஸ்னர் நுண்ணுறுப்புகளோ, தொடுகை தொடங்கும்போதும் விலகும்போதும் மட்டும் துடித்து, இடையில் அடங்கிவிடும். பிசிறைக் காண்பதில் மெர்க்கெலுக்கே என் வாக்கு. ஆனால் மெருகேறிய சலங்கை நழுவத் தொடங்கும் கணத்தை உணர்ந்து பிடியை இறுக்க வைப்பது மைஸ்னர்தான். வயது ஏற ஏற மைஸ்னரின் எண்ணிக்கை குறைவதும் உண்மை. அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்ற இரண்டுக்கும் உதவுவது பியேசோ2 என்ற புரதம். பியேசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியான் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மெருகு மோட்டாரின் அதிர்வு ஆழத்திலுள்ள பாசினியன் நுண்ணுறுப்பின் பங்கு. அது தனிக் கதை.

இந்தச் செய்தியைக் கடத்தும் நரம்பிழைகளுக்குத் துணைநிற்கும் செல்களின் போட்டி இதைவிடச் சுவையானது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஓர் ஆலிகோடென்ட்ரோசைட், பல நரம்பிழைகளுக்கு ஒரே நேரத்தில் மயலின் என்ற கொழுப்பு நிறைந்த காப்புறையைச் சுற்றுகிறது. கை கால் நரம்புகளில் மயலின் சுற்றும் ஒரு ஷ்வான் செல்லோ, ஓர் இழையின் ஒரு துண்டை மட்டுமே சுற்றுகிறது. சிக்கனம் என்று பார்த்தால் முன்னதே சிறந்தது. ஆனால் மணிக்கட்டில் வெட்டுப்பட்ட நரம்பைத் தைத்து இணைத்தபின், பழைய மயலின் சிதைவுகளை அகற்றி, வரிசையாக நின்று, புதிய இழைக்கு வழிகாட்டுபவை ஷ்வான் செல்களே. நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்ச்சி என்றால், 18 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள விரல்நுனியை எட்ட ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் வண்டி கவிழ்ந்து தண்டுவடம் அறுபட்டவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆலிகோடென்ட்ரோசைட்டின் மயலினிலேயே இழை வளர்ச்சியைத் தடுக்கும் நோகோ போன்ற புரதங்கள் உள்ளன.

ஷ்வான் செல்லுக்கும் ஒரு பலவீனம் உண்டு: தொழுநோய்க் கிருமி குடியேறத் தேர்ந்துகொள்வது அதையே. அப்போது சூடும் வலியும் முதலில் மறைவதால், பற்றவைப்பதற்காகப் பொடி வைத்துத் தீயை ஊதிய வெள்ளியைத் தொட்டவருக்கு, விரலில் கொப்புளத்தைக் கண்ட பின்னரே சுட்டது தெரியும்.